போஸ்ட்-பங்க் கிட்டாருக்கு கோரஸா, ஃபிளாஞ்சரா? பெடல் தேர்வு முதல் செட்டிங் வரை முழு வழிகாட்டி

1970களின் கடைசியில் பிரிட்டனில் பங்க் இசையிலிருந்து போஸ்ட்-பங்க் எனக் கிளை பிரிந்தவர்கள் கிட்டாரின் தடித்த கரகரப்பை, அதாவது டிஸ்டார்ஷனைக் குறைத்தார்கள். அந்த இடத்தில் சில்லிட்ட, உலோகம் போன்ற, சற்றே தண்ணீருக்கடியில் கேட்பது போன்ற ஒரு ஒலி வந்து உட்கார்ந்தது. அதைத் தந்தவை கோரஸ், ஃபிளாஞ்சர் என்ற பெடல்கள், கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் காலால் இயக்கும் சிறிய பெட்டிகள். சூக்சி அண்ட் த பேன்ஷீஸில் ஜான் மெகியோக் வாசித்தது எம்எக்ஸ்ஆர் ஃபிளாஞ்சர் வழியாக. ஜாய் டிவிஷனில் பீட்டர் ஹுக் பேஸ் கிட்டாரை எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் குளோன் தியரி என்ற கோரஸில் செருகினார். த க்யூரின் ராபர்ட் ஸ்மித் என்றாலே பாஸ் நிறுவனத்தின் பிஎஃப்-2 ஃபிளாஞ்சர் நினைவுக்கு வரும்.

இந்த மூன்று பெயர்களைப் பார்த்து மூன்று பெடலையும் வாங்கத் தேவையில்லை. ஒரே ஒரு பெடலுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், எங்கள் பரிந்துரை நான்கு நாப் (திருகு குமிழ்) உள்ள ஒரு ஃபிளாஞ்சர். அதை ஓரளவு கோரஸாக மாற்றிவிடலாம். கோரஸை ஃபிளாஞ்சராக மாற்ற முடியாது. ஏன் என்பது சர்க்யூட்டைப் பார்த்தால் புரியும்.

உள்ளே நடப்பது என்ன

இரண்டும் ஒரே குடும்பம். கிட்டார் சிக்னல் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்படியே போகிறது. மற்றொன்று சில மில்லிசெகண்ட் தாமதமாகி வந்து முதலாவதோடு கலக்கிறது. எல்எஃப்ஓ என்ற மெதுவான அலை அந்தத் தாமதத்தைக் கூட்டியும் குறைத்தும் கொண்டே இருக்கும். எவ்வளவு தூரம் என்பது டெப்த், எவ்வளவு வேகம் என்பது ரேட்.

தாமதம் 1 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிக்னலும் கலக்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என ஒற்றைப்படை மடங்குகளில் ஒலி அடிபட்டுப் போகும். சீப்பின் பற்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி மாதிரி, அகலமான பள்ளங்கள். தாமதம் மாறும்போது இந்தப் பள்ளங்கள் மேலும் கீழும் நகரும். ஸ்வீப் எனப்படும் அந்த நகர்வைத்தான் காது உலோகச் சீறலாகக் கேட்கிறது. இதுதான் ஃபிளாஞ்சர். ஏறக்குறைய 1 முதல் 10 மில்லிசெகண்டுக்குள் வேலை செய்யும். வெளியே வந்த சிக்னலில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்பும் ஃபீட்பேக்கும் இதில் உண்டு. அதற்கு ரெசோனன்ஸ், ரீஜென், கலர் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும்.

தாமதம் 10 மில்லிசெகண்டைத் தாண்டினால் பள்ளங்கள் 100 ஹெர்ட்ஸுக்கு ஒன்று என நெருங்கிவிடும். காது அவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பதில்லை. சற்றே சுருதி விலகிய இன்னொரு கிட்டார் பக்கத்தில் வாசிப்பது போல இருக்கும். அதுதான் கோரஸ். பெரும்பாலான கோரஸ் பெடல்களில் ஃபீட்பேக் கிடையாது, தாமதத்தை மிகக் குறைவாக இறக்கவும் வழி இருக்காது. கோரஸ் ஃபிளாஞ்சராக மாறாததற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். முக்கோண அலையில் தாமதம் மொத்தம் 2 மில்லிசெகண்ட் அகலத்துக்கு, நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் சுருதி ஏறக்குறைய 7 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகும். டெப்தைத் தொடாமல் ரேட்டை மட்டும் இரண்டு மடங்காக்கினால் விலகலும் 14 சென்ட் ஆகிவிடும். "டெப்த் குறைவாகத்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் அபசுரமாகக் கேட்கிறதே" என்ற குறைக்குப் பெரும்பாலும் காரணம் ரேட்தான்.

படி 1: பெடல் எந்த வாத்தியத்துக்கு என்று முடிவு செய்யுங்கள்

மூன்று பேர் கொண்ட குழுவில் பேஸ் கிட்டார் மெலடி வாசித்து, கிட்டார் மேலே தெறிப்பது போல வாசித்தால், கோரஸ் பேஸுக்குப் போகட்டும், ஃபிளாஞ்சர் கிட்டாருக்கு. கீபோர்ட் ஏற்கெனவே அகலமான ஒலி தருகிறது என்றால் கிட்டாரில் கோரஸ் போடாதீர்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு மோதி, பாடுபவரின் குரல் அமுங்கும். ஃபிளாஞ்சரின் பள்ளங்கள் அந்த நெரிசலில் இடம் விட்டுக்கொடுக்கும்.

தனியாக, டிரம் மெஷினோடு வாசிப்பவருக்கு நேர்மாறு. நிரப்ப வேண்டிய இடம் நிறைய இருப்பதால் கோரஸ் முதலில் வரலாம்.

படி 2: கோரஸ் தேர்வு

இந்த ஒலிக்கு மூலம் ரோலண்ட் ஜேசி-120 ஆம்ப், 1975. அதில் இரண்டு 60 வாட் ஆம்ப்ளிஃபயர், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். கோரஸ் போட்டால் ஒரு ஸ்பீக்கரில் சுத்தமான ஒலியும் மற்றொன்றில் சுருதி ஆடும் ஒலியும் வரும். இரண்டும் கலப்பது அறையின் காற்றில். அந்த சர்க்யூட்டைத் தனிப் பெட்டியில் வைத்து 1976இல் வந்ததுதான் பாஸ் சிஇ-1. 1979இல் வந்த சிஇ-2, அதைச் சிறிய பெடலுக்குள் ரேட், டெப்த் என்ற இரண்டே நாப்போடு அடக்கியது.

சிஇ-2 போன்ற அனலாக் கோரஸ் இதமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிபிடி என்ற சிப், சிக்னலை வாளி கைமாற்றுவது போல 1024 படிகளில் கடத்துகிறது. கடத்தும்போது வரும் இரைச்சலை அடக்க, தாமதமான பாதையில் உச்ச அலைவரிசைகள் வடிகட்டப்படுகின்றன. அதனால் மேலே மினுங்குவது சுத்தமான சிக்னல், கீழே ஆடுவது கோரஸ். வடிகட்டல் இல்லாத சில டிஜிட்டல் கோரஸ்களில் மினுக்கமும் சேர்ந்து ஆடும், அது கண்ணாடித் தூள் போலக் கூசும். டிஜிட்டலே கூடாது என்பதில்லை. டோன் அல்லது ஹை-கட் நாப் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்று புதிதாக வாங்க நினைப்பவர் பார்க்க வேண்டியவை: சிஇ-2, சிஇ-1 இரண்டு ஒலியும் ஒரே பெட்டியில் தரும் பாஸ் சிஇ-2டபிள்யூ. எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் ஸ்மால் குளோன், ஒரு ரேட் நாப்பும் ஒரு டெப்த் சுவிட்சும் மட்டும். சுவிட்ச் மேலே இருந்தால் ஆட்டம் மிக ஆழம், மெதுவான ரேட்டில்தான் அது தாங்கும். அதன் சுருங்கிய வடிவம் நியோ குளோன். ஹை, லோ இரண்டும் தனித்தனியாகத் திருத்தக்கூடிய எம்எக்ஸ்ஆர் அனலாக் கோரஸ். வால்ரஸ் ஆடியோவின் ஜூலியா, அதில் லேக் என்ற நாப் தாமதத்தின் மையத்தையே நகர்த்தும். போஸ்ட்-பங்க் மட்டுமே குறி என்றால் இவற்றில் எங்கள் விருப்பம் ஜூலியாவின் அந்த லேக் நாப். குறைத்தால் ஃபிளாஞ்சருக்குப் பக்கத்தில் வரும், கூட்டினால் சுருதி கலங்கிய பழைய டேப் போல வரும்.

பேஸ் கிட்டாருக்கு வேறு கணக்கு. தாழ்ந்த கம்பியில் சுருதி ஆடினால் பாட்டின் அடித்தளமே ஆடும். அதனால் தாழ்ந்த அலைவரிசையைத் தொடாமல் விடும் பெடல் வேண்டும். பாஸ் சிஇபி-3இல் லோ ஃபில்டர் நாப் இருக்கிறது. எம்எக்ஸ்ஆர் பேஸ் கோரஸ் டீலக்ஸில் இதற்கென கிராஸ்ஓவர் பட்டன் இருக்கிறது, கூடவே ஃபிளாஞ்சர் பட்டனும்.

படி 3: ஃபிளாஞ்சர் தேர்வு

மேனுவல், டெப்த், ரேட், ரெசோனன்ஸ். இந்த நான்கும் தனித்தனி நாப்பாக இருக்க வேண்டும். மேனுவல் இல்லாத ஃபிளாஞ்சரை இந்த ஒலிக்கு வாங்காதீர்கள். பள்ளங்கள் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான்.

பிஎஃப்-2 1980இல் வந்தது. மிதமான ரெசோனன்ஸ், சுத்தமான கிட்டாருக்கு ஏற்ற மென்மை. எம்எக்ஸ்ஆரின் பெரிய சாம்பல் நிற எம்117ஆர் இன்னும் ஆழமாக ஸ்வீப் ஆகும், ரீஜெனை ஏற்றினால் அலறும். இதற்கு 18 வோல்ட் தேவை என்பதை மறக்காதீர்கள். 1976இல் வந்த எலக்ட்ரிக் மிஸ்ட்ரெஸ் வகையில் ஃபில்டர் மேட்ரிக்ஸ் என்ற சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் எல்எஃப்ஓ நின்றுவிடும், பள்ளங்கள் ஓரிடத்தில் உறைந்து நிற்கும். பெரிய பெட்டிக்கு இடமில்லாதவர்களுக்கு நியோ மிஸ்ட்ரெஸிலும் அந்த வசதி இருக்கிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, தாமதமான சிக்னல் நேராகச் சேர்கிறதா, தலைகீழாகச் சேர்கிறதா என்பது. தலைகீழாகச் சேர்ந்தால் முதல் பள்ளம் 0 ஹெர்ட்ஸிலேயே விழும். தாழ்ந்த ஒலி கரைந்து, சத்தம் மெலிந்து கேட்கும். கிட்டாருக்கு அது அழகு, பேஸுக்குக் கெடுதல். கடையில் சோதிக்க எளிய வழி: டெப்தைப் பூஜ்யமாக்கி, தாழ்ந்த கம்பியைத் தட்டி, பெடலைப் போட்டுப் போட்டு அணையுங்கள். போட்டவுடன் அடி கழன்று போனால் தலைகீழ் வகை.

படி 4: மின்சாரம்

பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ். சிக்கல் தருபவை பழைய பெடல்கள்.

பழைய சிஇ-2, பிஎஃப்-2 பெடல்களின் பவர் ஜாக் பக்கத்தில் ஏசிஏ அடாப்டர் என்று போட்டிருந்தால், அவை ஒழுங்குபடுத்தப்படாத, வோல்ட் கூடிய அடாப்டருக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய ஒழுங்குபடுத்தப்பட்ட 9 வோல்ட்டைத் தனியாகக் கொடுத்தால் எல்இடி மங்கும், ஒலியும் சோரும். பவர் சப்ளையில் 12 வோல்ட் வெளியீடு இருந்தால் அதில் செருகுங்கள். பிஎஸ்ஏ என்று போட்ட பெடலுக்கு இது பொருந்தாது, 9 வோல்ட்தான். பழைய எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் பெட்டிகளில் 3.5 மிமீ பவர் ஜாக் இருக்கும், முனை எது பாசிட்டிவ் என்று பார்க்காமல் செருகினால் சிப் போய்விடும்.

கோரஸும் ஃபிளாஞ்சரும் இரண்டுமே அனலாக் என்றால், ஒரே கேபிளிலிருந்து கிளை பிரித்து மின்சாரம் தராதீர்கள். ஒவ்வொரு பிபிடிக்கும் ஒரு கிளாக், அதாவது சிக்னலைப் படிப்படியாகத் தள்ளும் துடிப்பு, ஓடுகிறது. அது காதுக்கு எட்டாத உயரத்தில் இருந்தாலும், இரண்டு கிளாக்குகளின் வித்தியாசம் காதுக்கு எட்டும். எல்எஃப்ஓ நகரும்போது அந்தச் சீழ்க்கையும் ஏறி இறங்கும். தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட வெளியீடுகள் உள்ள பவர் சப்ளைதான் இதற்குத் தீர்வு. சோதிக்க, ஒன்றை மட்டும் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சீழ்க்கை நின்றால் குற்றவாளி மின்சாரம்தான்.

படி 5: வரிசை

கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), டிரைவ் (கரகரப்பு சேர்ப்பது), ஃபிளாஞ்சர், கோரஸ், டிலே, ரிவர்ப். இங்கிருந்து தொடங்குங்கள்.

ஃபிளாஞ்சருக்குத் தின்ன ஏராளமான மேற்சுரங்கள் வேண்டும். டிரைவுக்குப் பின்னால் வைத்தால் ஸ்வீப் முழுதாகத் தெரியும். முன்னால் வைத்தால் டிரைவ் பள்ளங்களை நிரப்பிவிடும், அடங்கிய ஒரு கரகரப்பு கிடைக்கும், அதுவும் பயன்படும். கோரஸை டிரைவுக்கு முன்னால் வைப்பதைத் தவிருங்கள். சுருதி விலகிய இரண்டு ஒலிகள் டிஸ்டார்ஷனுக்குள் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய அபசுரங்களாக வெளியே வரும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் ஆட விடாதீர்கள். கோரஸ், ஃபிளாஞ்சரின் பள்ளங்களை மங்கடித்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் ஃபிளாஞ்சரை உறைய வைத்து, கோரஸை மட்டும் ஆட விடுங்கள்.

படி 6: செட்டிங்

கடிகார முள் நிலையாகச் சொல்கிறோம். பெடலுக்குப் பெடல் நாப் அளவு வேறுபடும், மேனுவல் நாப் திரும்பும் திசைகூட மாறலாம், ஆகவே காதுதான் கடைசி நீதிபதி. ஆம்ப் சுத்தமாக, பிரகாசமாக இருக்கட்டும். பிரிட்ஜ் பிக்கப்.

*சுத்தமான ஆர்பெஜியோ (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது), கோரஸ்:* டெப்தை முழுதாகத் திறந்து, ரேட்டை 8 மணியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ஒரு கார்டை அடித்து ஒலிக்க விடுங்கள். சுருதி போவது காதில் உறுத்தும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து டெப்தைக் குறைத்து வாருங்கள். பெரும்பாலும் ரேட் 9 மணி, டெப்த் 1 மணி பக்கம் வந்து நிற்கும்.

*பேஸ் மெலடி:* 7ஆவது ஃபிரெட்டுக்கு மேலே, டி, ஜி கம்பிகளில் வாசியுங்கள். ரேட் மிகக் குறைவு, டெப்த் பாதி. பிக் கட்டாயம் வேண்டும், பிரிட்ஜ் பக்கம் அடியுங்கள். விரலால் வாசித்தால் மேற்சுரம் போதாமல் கோரஸ் இருப்பதே தெரியாது.

*கூர்மையான கிட்டார், ஃபிளாஞ்சர்:* மேனுவல் 11 மணி, டெப்த் 2 மணி, ரெசோனன்ஸ் 11 மணி. ரேட்டைப் பாட்டின் வேகத்தோடு பொருத்துங்கள். 150 பிபிஎம்மில் ஒரு தட்டு 0.4 நொடி, நான்கு தட்டு 1.6 நொடி, நான்கு பார் 6.4 நொடி. ஸ்வீப் ஒரு முழுச் சுற்று 6.4 நொடியில் முடிந்தால் பாட்டின் மூச்சோடு சேரும். கம்பிகளை அமுக்கிப் பிடித்து 'சக் சக்' என்று அடித்துக்கொண்டே ஐந்து சுற்றுக்கு ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள், 32 நொடி வர வேண்டும். அனலாக் எல்எஃப்ஓ டிரம் மெஷினோடு பூட்டிக்கொள்ளாது, சில பார்களில் விலகும். அந்த விலகல் இந்த இசைக்கு இடையூறு இல்லை.

*உறைந்த ஃபிளாஞ்சர்:* இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் முயல்வீர்கள் என்றால் இதை முயலுங்கள். டெப்த் பூஜ்யம், ரெசோனன்ஸ் 2 மணி. கம்பிகள் ஒலிக்காதபடி இடது கையால் முழுதாக மூடி, பிக்கால் ஒரே சீராக உரசுங்கள். சுருதியே இல்லாத அந்த உரசலுக்குள் இப்போது ஒரு சுரம் கேட்கும், தகரக் குழாய்க்குள் ஊதியது போல. மேனுவலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் அந்தச் சுரம் நகரும். அதைப் பாட்டின் ஆதார சுருதிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பாட்டு ஏ மைனர் என்றால் தாமதம் ஏறக்குறைய 2.27 மில்லிசெகண்ட், ரெசோனன்ஸ் மேடு 440 ஹெர்ட்ஸில் நிற்கும். இப்போது வாசியுங்கள். ஏ சுரம் வரும்போதெல்லாம் கிட்டார் மணி போல எழும்பும், பக்கத்துச் சுரங்கள் வறண்டு போகும். பாட்டின் சுருதி மாறினால் மறுபடி திருத்த வேண்டும். நாப் பக்கத்தில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள்.

*ஃபிளாஞ்சரையே கோரஸாக:* ரெசோனன்ஸ் பூஜ்யம். மேனுவல் தாமதம் அதிகமாகும் பக்கம், அதாவது உரசலில் கேட்கும் சுரம் தாழும் பக்கம். டெப்த் 10 மணி, ரேட் 11 மணி. அசல் கோரஸைவிடச் சற்று ஒல்லியாக இருக்கும், குழுவோடு வாசிக்கும்போது அது தெரியாது.

படி 7: பழைய பெடலைச் சோதிப்பது

எதுவும் வாசிக்காமல், வால்யூம் ஏற்றி, ரேட்டை அதிகமாக்கிக் கேளுங்கள். எல்எஃப்ஓவின் 'டிக் டிக்' வந்தால் கெபாசிட்டர் தளர்ந்திருக்கலாம், கிரவுண்டில் கோளாறு இருக்கலாம். பிறகு கம்பியை பலமாக அடியுங்கள். உச்சத்தில் மட்டும் ஒலி பிய்ந்தால் பிபிடியின் பயஸ், அதாவது அது வேலை செய்யும் அடிப்படை வோல்ட் நிலை, விலகியிருக்கிறது. அது உள்ளே இருக்கும் டிரிம்மர் என்ற சிறிய திருகால் சரியாகக்கூடிய பிழை, விலையைப் பேசிக் குறைக்க ஒரு காரணம். சுத்தமான ஒலி மட்டும் வந்து ஆட்டமே இல்லையென்றால் சிப்போ கிளாக்கோ செத்திருக்கலாம்.

ஃபிளாஞ்சரில் ரெசோனன்ஸை முழுதாக ஏற்றி ஒரு முழு ஸ்வீப் கேளுங்கள். பாதி தூரத்தில் சத்தம் காணாமல் போனாலோ, தானாகவே ஊளையிட்டாலோ யாரோ டிரிம்மரைத் திருகியிருக்கிறார்கள். நீங்களே திறந்து திருத்துவதாக இருந்தால், முதலில் போட்டோ எடுத்து, டிரிம்மரின் நிலையைப் பேனாவால் குறித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். குறிக்காமல் மூன்றையும் திருகிவிட்டால் அலைக்காட்டி இல்லாமல் திரும்பி வர வழியில்லை.

சிப் மாற்ற நேர்ந்தால்: எம்என்3007, எம்என்3207 இரண்டும் 1024 படிகள்தான், ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் செருக முடியாது. 3207 குறைந்த வோல்ட்டுக்கானது, மின்முனை திசையும் வேறு. 3207க்கு மாற்றாக கூல் ஆடியோவின் வி3207 கிடைக்கிறது. அசல் என்று சொல்லி மலிவாக விற்கப்படும் பழைய சிப்களில் போலி அதிகம்.

வழக்கமாகத் தவறுவது

வாசிக்காதபோது 'உஷ்' என்று அலை அலையாக இரைச்சல் வந்தால், கேட்பது உங்கள் டிரைவின் இரைச்சல் ஃபிளாஞ்சர் வழியாக ஸ்வீப் ஆவது. வாசிக்காதபோது சத்தத்தை அடைக்கும் நாய்ஸ் கேட்டை டிரைவுக்குப் பின்னால், ஃபிளாஞ்சருக்கு முன்னால் வையுங்கள். ஃபிளாஞ்சரின் சொந்த இரைச்சல் என்றால் அதற்குப் பின்னால்.

பெடல் போட்டதும் கிட்டார் பின்னால் போய்விட்டது போலத் தோன்றினால், பள்ளம் கிட்டாரின் முக்கியமான இடத்தில் விழுகிறது. வால்யூமைத் தொடாமல் மேனுவலை நகர்த்துங்கள். பழைய சிஇ-1இல் நேராகக் கிட்டாரைச் செருகினால் ஒலி மந்தமாகும், அதன் உள்ளீட்டு மின்மறுப்பு குறைவு. முன்னால் சிக்னல் வலுவிழக்காமல் காக்கும் ஒரு பஃபர் போதும்.

ஸ்டீரியோ வெளியீட்டில் இரண்டு ஆம்ப் வைத்து வாசிப்பது பிரமாதமாக இருக்கும். ஆனால் பல மேடைகளில் ஒலிப்பொறியாளர் எல்லாவற்றையும் மோனோவாக்கித்தான் வெளியே அனுப்புவார். வலம் இடத்துக்கு எதிரெதிர் திசையில் கோரஸ் அனுப்பும் பெடல் என்றால், மோனோவில் ஆட்டம் பாதிக்கு மேல் அழிந்துவிடும். ரெக்கார்டிங்கில் மிக்ஸை ஒருமுறை மோனோ பட்டனை அழுத்திக் கேளுங்கள். ஆட்டம் காணாமல் போனால் பெடலின் மோனோ வெளியீட்டிலிருந்து அந்த டிராக்கை மறுபடி எடுங்கள். பெடலில்லாத சுத்தமான கிட்டாரையும் ஒரு டிராக்கில் தனியாகப் பதிந்து வைத்திருந்தால், அதையே பெடல் வழியாகத் திரும்ப ஓட்டி எடுக்கலாம்.